வாய்க்கடுதாசி

நான்காம் வகுப்பு படித்த வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் என் அம்மாவுக்கு ஒரு கடிதம் வரும். தபால்காரி நான்தான். காகிதம், உறை, தபால்தலை எதுவும் கிடையாது. கடிதம் முழுக்க என் வாயில் இருக்கும். வழியில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் சிந்திவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான லயம் வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வருவேன். அப்படிப் பத்திரமாகக் கொண்டுவந்த கடிதங்களில் நான் என்னென்ன கைவரிசை காட்டினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். பேரன் பேத்தி எடுத்த பிறகு எனக்கு இனி வெட்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது.

எங்கள் எஸ்டேட் கேரளத்து மலையில், சூரியநெல்லிக்கு மேலே. நாலு பக்கமும் தேயிலை, நடுவில் தகரம் போட்ட எல்.பி. பள்ளிக்கூடம். நாலு வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் ஹெட்மாஸ்டர், மழைக்காலத்தில் கம்பளிக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டிப் பாடம் நடத்துவார். இன்னொருவர்தான் எங்கள் சார். பாலக்காட்டுக்குக் கிழக்கே கோபாலபுரம் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆகாதவர். ஜூன் மாதம் ஒரு தகரப் பெட்டியோடும் தீராத ஜலதோஷத்தோடும் வந்து இறங்கினார். அவர் பேச்சைக் கேட்டு லயமே சிரித்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போடுவார். ஆடு மாடு குறுக்கே வந்தால்கூட 'நகருங்க' என்பாரோ என்று எங்களுக்குச் சந்தேகம்.

ஆனால் அம்மாக்கள் சிரிக்கவில்லை. கங்காணி அவர்களை 'ஏய்' என்பார். ஆபீஸில் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். சட்டை போட்டு, பேனா குத்திய ஒரு மனிதர் தங்களை 'வாங்க' என்று சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை. முதல் தடவை என் அம்மாவைப் பார்த்து, "ஏனுங்க, நீங்கதான் இந்த அம்மிணியோட அம்மாவுங்களா?" என்று சார் கேட்டபோது, அம்மா திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

மேலிடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மலையாளத்தில் ஒரு காகிதம் வந்திருந்தது. பிள்ளைகள் வகுப்பில் என்ன படிக்கிறார்கள், எங்கே சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்பதை எல்லாம் ரட்சகர்த்தாக்களுக்கு அவ்வப்போது தெரிவிக்க வேண்டுமாம். ரட்சகர்த்தா என்றால் பெற்றோர். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அட்டை கடித்த காலோடு இறங்கி வரும் எங்கள் அம்மாக்களுக்கு இப்படி ஒரு பட்டம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் 'தெரிவித்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டார். சாருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. நிஜமாகவே தெரிவிக்கக் கிளம்பிவிட்டார்.

முதலில் காலை மஸ்டருக்குப் போனார். ஏழு மணிக்கு வேலைக்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிற இடம் அது. அங்கே நின்று, இன்ன பிள்ளை இன்ன பாடம் படிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். மூன்றாம் நாள் ஆபீஸில் இருந்து ஆள் வந்து, இது பிரசங்கம் பண்ணுகிற இடமில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் கடிதம் எழுதினார். லயத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த அம்மா ஒருத்திகூட இல்லை. அடுத்த வீட்டு அத்தை அந்தக் காகிதத்துக்குக் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். என் அம்மா ரேஷன் கார்டோடு மடித்து வைத்தாள். யாரும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சார் வாய்க்கடுதாசியைக் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்கான நாலு வாக்கியத்தைச் சொல்லுவார். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்ய வேண்டும். வீட்டுக்குப் போய் அம்மா அப்பா முன்னால் நின்று, அவர் சொன்ன அதே பேச்சில் ஒப்பிக்க வேண்டும். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்களோ அதைத் திங்கட்கிழமை அவரிடம் வந்து சொல்ல வேண்டும். 'அம்மாவுக்கு வணக்கமுங்க' என்றுதான் கடிதம் தொடங்கும். லயம் முழுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் பெற்ற தாயைப் பார்த்து 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டிருப்போம். வெளியூர்க்காரர் யாராவது கேட்டிருந்தால் என்ன மரியாதைப்பட்ட பிள்ளைகள் என்று மயங்கிப் போயிருப்பார்.

என் அம்மா அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்கிற அழகே தனி. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வருவாள். செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து உதறி வைப்பாள். கை கால் கழுவி, முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, தரையில் நிமிர்ந்து உட்காருவாள். நான் நிற்க வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொண்டோ, அரிசி புடைத்துக்கொண்டோ ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. நான் ஒப்பித்து முடித்ததும் என்னைப் பார்த்து, "சரிங்க சார்" என்பாள். பிறகுதான் எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

இப்படி உட்கார்ந்து கேட்கிற மனுஷியிடம் போய், 'உங்க புள்ளைக்குக் கழித்தல் கணக்கு இன்னும் வர்றதில்லீங்க' என்று எப்படிச் சொல்வது? ஒரு தடவை சொன்னேன். அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். அடுத்த வெள்ளி அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, 'கணக்குல உங்க புள்ளைதான் மொதலுங்க' என்று சேர்த்தேன். அம்மா பூரித்துப் போனாள். அதற்கப்புறம் எனக்குத் துளிர்விட்டுவிட்டது. பாட்டில் முதல், பேச்சில் முதல், கையெழுத்து அச்சடித்தது மாதிரி என்று வாரத்துக்கு ஒன்றாக வாய் கூசாமல் அள்ளி விட்டேன். உண்மையில் கணக்கில் முதல் அடுத்த வீட்டு அத்தை மகன். சுவர் ஒன்றுதான் நடுவில் என்பதால் அவன் கடிதமும் எங்களுக்குக் கேட்கும். அவனும் முதல் என்கிறானே என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். ஆம்பிளைப் பிள்ளைகளில் அவன் முதல், பொம்பளைப் பிள்ளைகளில் நான் முதல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வருடம் எங்கள் புத்தகத்தில் கேரளத்தின் வரைபடம் வந்தது. நீளமாக, புடலங்காய் மாதிரி. இடது பக்கம் கடல் என்று நீலம். வலது பக்கம் எல்லைக்கோடு, அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் என்ன இருக்கிறது என்று அத்தை மகன் கேட்டான். உங்கள் பாட்டன்மார் வந்த ஊரெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று சார் சொன்னார். அதுதான் அந்த வாரக் கடிதத்தில் ஒரு வாக்கியம். அதைக் கேட்டுவிட்டு அம்மா 'சரிங்க சார்' என்று சொல்லவில்லை. முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "அந்த வெள்ளையில எங்க ஊரும் இருக்குமான்னு சாருட்டக் கேளுத்தா" என்றாள்.

அம்மாவின் ஊர் கம்பத்துக்குப் பக்கம். அப்பா எங்கள் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஏதோ காரியமாகக் கம்பம் போன இடத்தில் அம்மாவைப் பார்த்திருக்கிறார். வீட்டில் ஒத்துக்கொள்ளாததால் அம்மா ஒரு நாள் விடிகாலை சொல்லாமல் கொள்ளாமல் அவரோடு மலையேறிவிட்டாள். மலையேறிப் போனவள் மலையிலேயே இருக்கட்டும், என் வாசலை மிதிக்கக் கூடாது என்று அவளுடைய அய்யா, அதாவது என் தாத்தா, சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அம்மா கீழே இறங்கியதில்லை. வீட்டில் கம்பம் என்ற பேச்சு வந்தால் அப்பா பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். அதனால் அந்தப் பேச்சே வராது.

திங்கட்கிழமை அம்மாவின் கேள்வியைச் சொன்னதும் சாருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ரட்சகர்த்தாவிடமிருந்து அவருக்கு வந்த முதல் கேள்வி அது. உடனே கரும்பலகையில் வரைபடம் போட்டு, வெள்ளையாகக் கிடந்த பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து அம்மாவின் ஊர்ப் பெயரை எழுதினார். மற்றப் பிள்ளைகளும் அவரவர் வீட்டில் கேட்டு வந்து சொல்லச் சொல்ல, புள்ளிகள் கூடிக்கொண்டே போயின. கடைசியில் சார், வரைபடம் முடிகிற இடத்துக்கே உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அறிவித்தார். கம்பம்மெட்டு. அங்கே மலையின் விளிம்பில் நின்றால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கிற கொழுந்து லாரியை எஸ்டேட் மேனேஜர் துரையிடம் கேட்டு வாங்கிவிட்டார்.

அந்தச் செய்தியைக் கொண்டுபோன வெள்ளிக்கிழமை அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. கம்பம்மெட்டில் நின்று பார்த்தால் எங்கள் ஊர்க் கண்மாய் தெரியுமா என்று சாரிடம் கேட்டு வா. நான் போய்க் கேட்டேன். அந்த வாரக் கடைசியில் எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு, என்னை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு, மூன்று தடவை சொல்ல வைத்தார். அதை இன்றைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் சொல்வேன்.

"அம்மாவுக்கு வணக்கமுங்க. வானம் தெளிவா இருந்தா உங்க ஊரு நல்லாவே தெரியுமுங்க. பொம்பளைப் புள்ளைகளுக்குத் துணையா ரெண்டு அம்மாமாரு கூட வரோணுமுங்க. மொதல்ல உங்களைத்தானுங்க கேக்கறேன். நீங்க வந்தா உங்க ஊரை உங்க கையாலயே புள்ளைகளுக்குக் காட்டலாமுங்க."

உதட்டை இறுக்கிக்கொண்டு பாதித் தூரம் வந்துவிட்டேன். பம்பு ஹவுஸ் திருப்பத்தில்தான் எனக்கு உறைத்தது. அம்மா வந்தால் நாள் முழுக்க சாரோடு ஒரே லாரியில் இருப்பாள். போகிற வழியில் என்ன பேசுவார்கள்? என்னைப் பற்றித்தான் பேசுவார்கள். கணக்கில் என் பிள்ளை முதலாமே சார் என்று அம்மா கேட்பாள். சார் திருதிருவென்று முழிப்பார். அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். எழுந்தபோது கடிதத்தில் ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருந்தது.

அம்மா வழக்கம்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வானம் தெளிவாக இருந்தால் உங்கள் ஊர் நன்றாகத் தெரியுமாம் என்று சொல்லி நிறுத்தினேன். "அம்புட்டுத்தானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். "தெரியுமாமா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். தெரியுமாம். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அப்பா தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

அதிலிருந்து அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை வரை எனக்குப் பாடம் நடந்தது. கண்மாய் எவ்வளவு பெரிது, அதன் கரையில் ரெட்டைப் பனை எங்கே நிற்கும், பனைக்கு நேர் கீழே எண்ணினால் நாலாவது வீடு என்று அம்மா தினமும் சொல்லிக் கொடுத்தாள். மலை உச்சியில் நின்றுகொண்டு கீழே நாலாவது வீட்டை எண்ண முடியாது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குப் பதிலா நீ நல்லாப் பாத்துட்டு வா என்பதுதான் திரும்பத் திரும்ப அவள் சொன்னது.

சாரிடம் திங்கட்கிழமை, அம்மாவால் வர முடியாதாம், விறகுக்குப் போக வேண்டுமாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் விறகுக்குப் போவார்கள், நம்பக்கூடிய பொய்தான். அவர், "அப்படீங்களா?" என்று கரும்பலகையைப் பார்த்தபடி சொன்னார். பிறகு அடுத்த வீட்டு அத்தையையும், மேல் லயத்தில் இன்னொரு அம்மாவையும் கூப்பிட்டார். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. என்ன சேலை கட்டுவது என்று அவள் வீட்டில் நடந்த விவாதம் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சார் யாரை எல்லாம் கூப்பிட்டார் என்று கேட்டாள், சொன்னேன். ஆய்ந்த கீரையை அள்ளி எடுக்கும்போது, "அவளுக்கு அங்கிட்டு யாரு இருக்கா" என்றாள். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. அத்தை சங்கரன்கோவில் பக்கத்துக்காரி.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் அம்மா எனக்கு ரெட்டைச் சடை பின்னி, எலுமிச்சம் சோறு கட்டிக் கொடுத்தாள். லாரி நிற்கிற இடத்துக்கு மற்ற அம்மாக்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் அம்மா மட்டும் லயத்து முனையோடு நின்றுவிட்டாள். கூப்பிடாத இடத்துக்கு அவள் எதற்கு வருவாள்? சார் லாரியின் மேலே நின்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். வர மனமில்லாதவள் என்று இவர் நினைத்திருப்பார், என்னைக் கூப்பிடத் தோன்றவில்லையே என்று அவள் நினைத்திருப்பாள். நடுவில் நான் எலுமிச்சம் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரி கிளம்பியதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். வழியெல்லாம் ஏலக்காடு. கம்பம்மெட்டில் இறங்கியதும் மூக்கை நிறைத்தது ஏலக்காய் வாசனை. ஒரு கடையில் பெண்கள் உட்கார்ந்து முறத்தில் காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததைச் சார் காட்டினார். பிறகு விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் கீழே ஒன்றுமே இல்லை. மஞ்சுப் பனி மூடிக் கிடந்தது. பள்ளத்தாக்கு முழுக்கச் சோற்றுக் கஞ்சியைக் கொட்டி வைத்த மாதிரி ஒரே வெள்ளை. நம்ம வரைபடம் மாதிரியே இருக்கு சார் என்றான் அத்தை மகன். எல்லோரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள், விலகும் என்று எங்களை உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம்.

அப்போதுதான் சார் என் பக்கத்தில் வந்து குந்தினார். "உங்கம்மா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் அம்மிணி. அவங்களுக்காகத்தான் இந்த எடத்துக்கே வந்தது. மத்தபடி புள்ளைகளுக்கு ஒரு டேமைக் காட்டியிருந்தாலே போதும்." நான் தலையை ஆட்டினேன். எனக்குப் பசி. எதிரே டீக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பன் அடுக்கி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பன் வாங்கித் தருவதாகச் சார் சொல்லியிருந்தார். வரிசையில் முதலில் போய் நின்றுவிட்டேன்.

பன்னைக் கடித்துக்கொண்டிருக்கும்போது விளிம்பில் ஒரே சத்தம். மஞ்சு விலகிவிட்டதாம். நான் ஓடிப் போவதற்குள் மறுபடி மூடிவிட்டது. கொஞ்சம் பச்சையும், தகடு மாதிரி மின்னிய தண்ணீரும் தெரிந்ததாக அத்தை சொன்னாள். அது கண்மாயா ஆறா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் விலகவே இல்லை. லாரி திரும்பிவிட்டது.

சாயங்காலம் அம்மா வாசல்படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். நான் கை கால் கழுவக்கூட விடவில்லை. "பாத்தியாத்தா?" என்றாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பன் தின்றுகொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வேன்! பார்த்தேன் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தபின் யார் என்னைப் பிடிப்பது? கண்மாய் ததும்பிக் கிடந்தது. ரெட்டைப் பனை நின்றது. பனைக்கு நேர் கீழே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினேன். நாலாவது வீட்டுக் கூரையில் அடுப்புப் புகை வந்தது. அம்மா இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை விட்டுவிட மனசில்லாமல் இன்னும் கொஞ்சம் போட்டேன். வீட்டு வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு தாத்தா கையை நெற்றிக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றார் என்றேன்.

"வாசல்லயா?" என்றாள் அம்மா.

ஆமாம், வாசலில்தான்.

"எங்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்னாரு?"

நம்ம மலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார் என்றேன். அம்மா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு என் தலையில் ஒட்டியிருந்த ஒரு துரும்பை எடுத்துப் போட்டுவிட்டு, சரி, போய்க் கை கழுவு என்றாள்.

மறுநாள் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் நின்ற அத்தை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள். மஞ்சு மூடியது, நான் பன் தின்றது, வாத்தியார் முதலில் உன்னைத்தானே கூப்பிட்டாராம், விறகுதான் பெரிசு என்று சொல்லி அனுப்பினாயாமே என்று ஒன்று விடாமல். அத்தை இதை எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்கு வந்தபோது. அன்றைக்கு அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஆமா, வெறகு இல்லாம அடுப்பு எரியுமா என்று மட்டும் சொன்னாளாம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வீட்டில் என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு எதுவும் தெரியாது. அம்மாவை நன்றாக ஏமாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் கடிதம் வந்தது. அம்மா அதே மாதிரி முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். பதிலாக, அடுத்த தடவை போகும்போது நானும் கூட வருகிறேன் என்று சாரிடம் சொல் என்றாள். எனக்குக் கொஞ்சம் திக்கென்றது, ஆனாலும் அதை மட்டும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தேன். கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சார் சொல்லி அனுப்பினார். ஆனால் பரீட்சை முடிந்த கையோடு அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே மாற்றல் கிடைத்துவிட்டது. அவருக்குப் பின்னால் வந்தவர் தெரிவித்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற ரகம். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அம்மா கை கால் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து, எனக்குப் பதினோரு வயதிருக்கும், கீழே இருந்து ஒரு ஆள் கேதம் சொல்ல வந்தார். தாத்தா இறந்துவிட்டார். அப்பாதான், கிளம்பு என்றார். ஜீப் பிடித்துப் போடிமெட்டு இறங்கி, போடியில் பஸ் பிடித்து, கம்பத்தில் மாறி நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வீடு கழுவி விட்டிருந்தது. பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா அழவில்லை. அவர் படுத்திருந்த இடம் எது என்று கேட்டு, ஈரமாயிருந்த அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

நான் வாசலில் போய் நின்றேன். நின்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே ஒரு நெல் கிட்டங்கி, அதன் சுவர் இரண்டு ஆள் உயரத்துக்கு. வாசலில் நின்றால் அந்தச் சுவர்தான் தெரியும், வேறு எதுவும் தெரியாது. எந்த மலையும் தெரியாது. கிட்டங்கி புதிதாகக் கட்டியதோ என்று ஒரு நப்பாசை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது என்றார். குட்டு உடைந்தது, அம்மா இப்போது வெளியே வந்தால் தொலைந்தேன் என்று திண்ணை ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

அம்மா வந்தாள். வாசலைப் பார்க்கவேயில்லை. என் கையைப் பிடித்து வீட்டுக்குள்ளேயே நடத்தி, அடுப்படியைத் தாண்டி, பின்பக்கம் மாட்டுக் கொட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கொட்டத்துக்குப் பின்னால் வெட்டவெளி. வயலுக்கு அப்பால் மேற்கே மலை முழுசாக நின்றது. அன்றைக்கு மஞ்சு கிடையாது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கட்டுத்தறிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

"இங்ஙனதான நின்னாருன்னு சொன்ன?"

"ஆமாம்மா, இங்ஙனதான்" என்றேன்.

அப்போதுதான் அம்மா அழுதாள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து, மலையைப் பார்த்தபடி, சத்தம் போட்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருடத்தில் பிறந்த வீட்டின் வாசல் எது, கொல்லை எது என்பதே அம்மாவுக்கு மறந்துபோயிருக்கிறது, நல்லவேளை பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.